மொல்லாகேயின் இலை

மக்காய், குவீன்ஸ்லாந்து
14 மார்ச் 1993

அன்புத் தம்பி ஹாரிசனுக்கு,

எனிட் அக்கா எழுதுகிறேன். உயிரோடுதான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. ஆறு வருடத்துக்கு முன் உன் வீட்டில் தங்கியிருந்தபோது ஜோஸ்லின் கிழங்கை அரைத்துச் சுட்ட லப்லப்பைச் சுடச்சுட இலையோடு என் முன்னால் தள்ளி, "சாப்பிடுக்கா, எலும்பும் தோலுமா திரும்பிப் போனா உங்க ஊர்ல எங்களத்தான் ஏசுவாங்க" என்றாள். இப்போது என்னிடம் எலும்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று அவளிடம் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். என் 'உப்புக் கரும்பு' நாவல் சினிமாவாகப் போகிறது. போன வருடம் தொலைக்காட்சியில் இரண்டு பாகமாக வந்தது என்று எழுதியிருந்தேன் அல்லவா, இப்போது பெரிய திரைக்கே. இயக்குநர் மார்க்கஸ் என்று ஒரு பையன். பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு கைவிரல்களால் சட்டம் போட்டு என் முகத்தை அதற்குள் வைத்துப் பார்க்கிறான். எங்களைக் 'கனாக்கா' என்று கூப்பிட்டுக் கரும்பு வெட்டவைத்த ஊரில், எங்கள் கதைக்கு வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கப் போகிறார்கள். என் தம்பி கிளாரி இப்போதே தேவாலயக் கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டான். அங்கே மாட்டியிருக்கும் நம் தாரி கொள்ளுத்தாத்தாவின் படத்துக்குப் புதுச் சட்டமும் போட்டுவிட்டான்.

தாரியை ஏற்றிப்போன கப்பல் காட்சியை மார்க்கஸ் உங்கள் லோல்தவா கடற்கரையிலேயே எடுக்க வேண்டும் என்கிறான். நடந்த இடம் அதுதானே. ஊர்ப் பெரியவர்களிடம் நீ பேசி அனுமதி வாங்கித் தர வேண்டும். உன் பேச்சை அங்கே யாரும் தட்ட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

தொலைக்காட்சியில் வந்ததை கேசட்டாக அனுப்புகிறேன். பள்ளிக்கூடத்து ஜெனரேட்டரில் போட்டுப் பாருங்கள். புத்தகம் அனுப்புகிறேன் அனுப்புகிறேன் என்று நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், திட்டாதே. கேசட்டில் தொலைக்காட்சிக்காரர்கள் தங்கள் இஷ்டத்துக்குச் சிலதைக் கூட்டியிருக்கிறார்கள். கடற்கரையில் இலை வரும் இடத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது கதை. யாருடைய பெயரும் அதில் கிடையாது.

உன் அக்கா,
எனிட் டாரி


லோல்தவா, பெந்தகோஸ்த் தீவு
2 ஜூன் 1993

மரியாதைக்குரிய எனிட் அக்காவுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உங்களோடு இருப்பதாக. கேசட் வந்து சேர்ந்தது. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் தபால் இல்லை, நான்தான்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் பள்ளிக்கூடத்தில் போட்டோம். ஊர் முழுக்க வந்திருந்தது. முதலில் ஒரே சிரிப்பு. நம்மவராக நடித்தவர்கள் யாரோ ஃபிஜிக்காரர்கள் போலிருக்கிறது, சேனைக்கிழங்கு தோண்டும் கம்பை ஈட்டி மாதிரிப் பிடித்திருந்தார்கள். ஆட்களைக் கப்பலின் அடித்தளத்தில் இறக்கி மேலே பலகையைப் போட்டு மூடியபோது பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன்.

அதற்கு முன்னால் அந்த இலைக் காட்சி வந்தது. பவளப்பாறை வாயில் கம்பு நட்டு ஒரு கிழவர் நமெலே இலையைக் கட்டுகிறார். யாரும் கடலில் இறங்கக் கூடாது என்று அர்த்தம். ஜனங்கள் நிற்கிறார்கள். கப்பல்காரன் ஒரு துப்பாக்கியைக் கூலியாக நீட்டுகிறான். கிழவர் அதை வாங்கிக்கொண்டு தன் கையாலேயே இலையை அவிழ்த்து, தலைக்கு மேல் பிடித்து, "போகலாம், வாங்க" என்கிறார். அவரை நம்பி எல்லோரும் படகில் ஏறுகிறார்கள்.

அக்கா, பெயர் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடற்கரையில் பாறை வாயில் இலை கட்டுகிற உரிமை ஒரே ஒரு குடும்ப வழிக்குத்தான் உண்டு. நீங்கள் வந்திருந்தபோது நான் இலை கட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள். இதைச் சொன்னேனா, சொல்லாமல் விட்டேனா என்று எனக்கு நினைவில்லை. அந்தக் காலத்தில் இலை கட்டியவர் என் கொள்ளுத்தாத்தா மொல்லாகே. உங்கள் தாரிக்கு அவர் தாய்மாமன்.

படம் ஓடும்போது ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் ஜோஸ்லின், "அது உங்க கொள்ளுத்தாத்தாவா?" என்றாள்.

"படம்தானே" என்றேன்.

"படம்தான். ஆனா இலை உங்களுது."

அவளுடைய குடும்பத்தில் அன்று கப்பலேறிப் போன அண்ணன் தம்பிகள் ஒருவரும் திரும்பவில்லை. அவர்கள் பயிர் செய்த நிலங்களை இன்றும் அவர்கள் பெயராலேயே சொல்கிறார்கள். அந்த வீட்டில் பெண் எடுத்து இருபது வருடமாக அவர்கள் நிலத்துக் கிழங்கைச் சாப்பிடுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மீன் பெருகட்டும் என்று ஈஸ்டருக்குப் பிறகு பாறையை மூடி இலை கட்டியிருந்தேன். போன வாரம் பட்டப்பகலில் ஜோஸ்லினின் அண்ணன் ஐசக் ஈட்டியோடு இலையைத் தாண்டி இறங்கினார்.

"மச்சான், இலை இருக்கே" என்றேன்.

"இருக்கட்டும் மச்சான். எவ்வளவு குடுத்தா எடுப்ப? எங்கிட்ட துப்பாக்கி இல்ல, டார்ச் லைட்டு இருக்கு."

கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மறுநாள் இன்னும் சிலர் இறங்கினார்கள். நான் போய் இலையை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டேன். யாரும் மதிக்காத இலை அங்கே தொங்குவது அவமானம்.

அந்த நாளைப் பற்றி இங்கே எங்களுக்கு அதிகம் தெரியாது. பார்த்தவர்கள் கப்பலில் போய்விட்டார்கள். மொல்லாகே இலை கட்டினார் என்று தெரியும். அதற்குப் பிறகு அவர் ஆண்கள் கூடும் நகமாலுக்குள் கால் வைக்கவே இல்லை, சாகும்வரை தன் வீட்டு வாசலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார் என்றும் தெரியும். போனவர்களை நினைத்துத் துக்கம் என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். இப்போது எல்லோரும் வேறு மாதிரி நினைக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்ற ஆரம்பித்திருக்கிறது. செய்த குற்றம் இல்லாவிட்டால் ஒரு தலைவர் ஏன் தனியாகச் சாப்பிட வேண்டும்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இலையை அவர்தான் எடுத்தார் என்று உங்களுக்கு யார் சொன்னது?

தங்கள் தம்பி,
ஹாரிசன் மொல்லாகே


மக்காய்
9 ஜூலை 1993

தம்பி,

உன் கடிதம் என்னைப் புரட்டிப் போட்டுவிட்டது. ஐசக்கை நான் நேரில் பார்த்தால் காதைத் திருகுவேன். கரையில் நின்று சிரித்தவர்களையும் சேர்த்துத்தான்.

நாவல் என்றால் எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டும். எது உண்மை என்று கேள். கப்பல் உண்மை. பலகை மூடியது உண்மை. மூன்று விரலைக் காட்டி, மூன்று வருடத்தை மூன்று நிலா என்று நம்பவைத்தது உண்மை. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத தாளில் விரல் ரேகை வாங்கியது உண்மை. கரும்புத் தோட்டத்தின் ஓரத்தில் கல்கூட வைக்காத குழிகள் இருப்பது உண்மை. நானும் கிளாரியும் அவற்றின் மேல் தாண்டி விளையாடியிருக்கிறோம், குழி என்று தெரியாமல். இதையெல்லாம் இந்த நாட்டுப் பள்ளிப் புத்தகம் ஒரு வரியில் முடித்துவிட்டது. அதனால்தான் நான் எழுதினேன்.

மற்றவை கதைக்காகச் சேர்ப்பவை. நாலு ஆட்களைப் பிசைந்து ஒரு ஆளாக்குவோம். அந்தக் கிழவர் உன் கொள்ளுத்தாத்தா இல்லை. அவர் யாருமே இல்லை. இதை ஊரில் சொல். பெரிய படத்தில் அந்தக் காட்சியைக் கொஞ்சம் மென்மையாக எடுக்கும்படி மார்க்கஸிடம் சொல்கிறேன். அவன் கேட்பானா என்பது வேறு. "ஆன்ட்டி, படத்துல இருக்கிறதிலேயே நல்ல சீன் அதுதான்" என்கிறான்.

நீ மொல்லாகேயைப் பற்றி அப்படியெல்லாம் நினைக்காதே. பழசைத் தோண்டிக்கொண்டே இருந்தால் கிழங்கு கிடைக்காது, கைதான் வலிக்கும்.

அனுமதி விஷயம் என்ன ஆயிற்று? அவசரமில்லை. ஆனாலும் எழுது.

எனிட்


லோல்தவா
20 அக்டோபர் 1993

மரியாதைக்குரிய அக்கா,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நான் கேட்டது ஒன்று. அதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருந்தீர்கள். என் மனம் நோகக் கூடாது என்று நீங்கள் மறைக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். ஒரு அக்கா தம்பிக்குச் செய்கிற காரியம்தான் அது. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பலிபீடத்துக்கு முன்னால் நின்று ஜெபம் சொல்கிறவன் நான். முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஐசக்கின் முகத்தைப் பார்க்காமல் மேலே கூரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜோஸ்லின் முன்போல்தான் சமைத்தாள், முன்போல்தான் பரிமாறினாள். என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். "பசிக்கல" என்பாள். நான் தனியாகச் சாப்பிடும்போதெல்லாம் மொல்லாகே ஞாபகம் வந்தது.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும். அவர் குடிக்காமல் போய்விட்டார். நான் குடிப்பது என்று முடிவு செய்தேன்.

போன மாதம் சமாதானச் சடங்கு செய்துவிட்டேன். பன்றி பலி கொடுத்துத் தலைவர் வரிசையில் அடுத்த பட்டம் எடுப்பதற்காக நான் வளர்த்து வந்த பன்றி உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம், நீங்கள் வந்தபோது குட்டியாக இருந்தது, அது நடக்கிற நடையைப் பார்த்து அதற்கு ஏதோ உங்கள் ஊர் ஆள் ஒருவர் பெயரை வைத்தீர்கள். கோரைப்பல் கொம்பாக நன்றாக வளைந்து வட்டம் கூடி வந்திருந்தது. அதையும், அம்மா எனக்கு விட்டுப்போன சிவப்புப் பாய்களையும் நடுத்திடலில் வைத்தேன். கப்பலேறிப் போனவர்களின் வீட்டார் எல்லோரும் எதிரே நின்றார்கள். வழக்கப்படி குனிந்து அவர்களுக்கு முன்னால் நடந்து, "மொல்லாகே உங்கள் ஆட்களை விற்றார். அவர் சார்பில் நான் கேட்கிறேன், எங்களை விட்டுவிடுங்கள்" என்று உரக்கச் சொன்னேன். ஐசக் அழுதுவிட்டார். என் தோளைப் பிடித்து நிமிர்த்தி, "போதும் மச்சான், முடிஞ்சுபோச்சு" என்றார்.

அன்று ஜோஸ்லின் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பட்டம் இனி இந்த வயதில் வராது. பரவாயில்லை. இலை கட்டும் உரிமையையும் நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஊர் இன்னும் யாருக்கும் அதைக் கொடுக்கவில்லை.

படம் எடுக்க வரலாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மே மாதம், மழை ஓய்ந்த பிறகு வரச் சொல்லுங்கள். அந்தக் காட்சியை மென்மையாக்க வேண்டாம். நடந்தது நடந்தபடியே இருக்கட்டும்.

தங்கள் தம்பி,
ஹாரிசன்


மக்காய்
11 நவம்பர் 1993

ஹாரிசன்,

அன்புள்ள என்று போட ஆரம்பித்து அடித்துவிட்டேன். எனக்கு அந்தத் தகுதி இல்லை.

மொல்லாகே இலையை எடுக்கவில்லை. எடுத்தது தாரி. என் தாரி.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: எனக்கு யாரும் மொல்லாகே எடுத்தார் என்று சொல்லவில்லை. தாரி எடுத்தார் என்றுதான் சொன்னார்கள். சொன்னது தாரியின் மகன், என் தாத்தா ஜார்ஜ். பள்ளியில் குடும்பத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். 'என் கொள்ளுத்தாத்தாவைத் திருடி வந்தார்கள்' என்று எழுதி அவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார்.

"திருடுனாங்கன்னு எழுது, அது பொய் இல்ல" என்றார். "ஆனா அன்னிக்கு இலை எங்கப்பன் கையில இருந்துச்சு. அதையும் எழுதணும்னா எழுது. வேண்டாம்னா விடு. நான் எழுதச் சொல்ல மாட்டேன்."

பிறகு முழுவதையும் சொன்னார். தாரி அதற்கு முன்பே ஒரு முறை குவீன்ஸ்லாந்து வந்து மூன்று வருடம் வெட்டிவிட்டு, பெட்டியும் தொப்பியுமாக ஊருக்குத் திரும்பியவன். கப்பல்காரன் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, ஆட்களை ஏற்றிவிட்டால் துப்பாக்கி என்றான். மொல்லாகே இலை கட்டிவிட்டார். ஜனங்கள் நின்றுவிட்டார்கள். தாரி தண்ணீரில் இறங்கி இலையை அவிழ்த்துத் தலைக்கு மேல் பிடித்துக் கூப்பிட்டான். மாமன் கட்டிய இலையை மருமகன் எடுக்கலாம் என்பது உங்கள் முறையாமே. மாமனே எடுக்கச் சொல்லியிருப்பார் என்று நம்பி எல்லோரும் வந்தார்கள். பலகையை மூடியபோது அவனையும் உள்ளே வைத்து மூடினார்கள். துப்பாக்கியும் கொடுக்கவில்லை.

இங்கே தோட்டத்தில் காய்ச்சலில் ஒவ்வொருவராகப் போனார்கள். யார் செத்தாலும் குழி வெட்டியது தாரிதான். வேறு ஆளை மண்வெட்டியைத் தொட விடமாட்டாராம். நாங்கள் தாண்டி விளையாடிய குழிகள் அவை.

இதைத் தெரிந்துகொண்டு நான் நாவல் எழுதினேன். ஏன் மாற்றினேன் என்று உனக்குச் சொல்லியாக வேண்டும். இந்த நாட்டில் எங்களுக்கு நிலமில்லை, பாஷை போய்விட்டது, பெயர்கூட, தாரி டாரியாகி, பாதிதான் மிச்சம். எங்களைத் திருடிக்கொண்டு வந்தார்கள் என்கிற ஒன்றுதான் எங்கள் கையில் இருக்கிறது. ஆலைக்காரர்களின் பேரன்கள் இன்றைக்கும் "உங்க ஆளுங்க சந்தோஷமாத்தானே வந்தாங்க" என்கிறார்கள். தாரி கூப்பிட்டார் என்று எழுதினால், "பாத்தியா, உங்க ஆளேதான்" என்று அவர்கள் கையில் கம்பைக் கொடுத்த மாதிரி ஆகும் என்று பயந்தேன். இது உண்மையான காரணம். ஆனால் முழுக் காரணம் இல்லை. தேவாலயக் கூடத்தில் மாட்டியிருக்கிற ஆள் நல்லவராக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

கதைக்கு இலை தேவைப்பட்டது. அதனால் வேறு கைக்கு மாற்றினேன். பாறை வாய் உங்கள் வழிக்கு மட்டும்தான் என்று நீ என்னிடம் சொன்னாய் ஹாரிசன். ஜோஸ்லின் பக்கத்தில் நின்றாள். நான் கேட்டுத் தலையாட்டினேன். பெயர் போடாவிட்டால் யாருக்கும் எதுவும் ஆகாது என்று என் குவீன்ஸ்லாந்துப் புத்தி சொன்னது. எங்களுக்குப் பெயர்தான் ஆள். உங்களுக்கு இலைதான் ஆள் என்பது எனக்கு உறைக்கவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். இரண்டையும் பிரித்து வைத்தது நான்.

ஜூலையில் நீ நேராகக் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல் உனக்கு நாவல் பாடம் நடத்தினேன். அதன் விளைவு, நீ குனிந்து நடந்திருக்கிறாய். அந்த வரியை என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

மொல்லாகே ஏன் தனியாகச் சாப்பிட்டார் என்று இப்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. தன் மருமகன் பெயரை அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் காப்பாற்றிய ஆளின் கொள்ளுப்பேத்தி நான் அவரையே விற்றுவிட்டேன்.

மார்க்கஸிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவான் என்று பார்த்தேன். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். "ஹீரோவே காட்டிக்கொடுக்கிறானா? ஆன்ட்டி, இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்று சந்தோஷப்பட்டான். திரைக்கதையில் இனி இலையை எடுப்பது தாரி.

கிளாரியிடமும் சொன்னேன். நீ செத்தால் வருகிறேன், அதுவரை வராதே என்றான்.

இந்தக் கடிதத்தை ஊரில் வாசி. கிழித்துப் போட்டாலும் சரி. நீ முடிவு செய்.

எனிட்


லோல்தவா
6 ஜனவரி 1994

எனிட் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

மாமன் இலையை மருமகன் எடுக்கலாம் என்பது எனக்கும் தெரியும். ஒரு நிமிடம்கூட அது என் மனதில் வரவில்லை. தாரியைத் திருடிக்கொண்டு போனார்கள் என்று என் வீட்டுப் பாயில் உட்கார்ந்து நீங்கள் அழுதீர்கள். அழுகிறவரைச் சந்தேகிக்க எங்களுக்கு வராது.

என் சொந்தக் கொள்ளுத்தாத்தாவை, அவர் செய்யாததற்காக, என் வாயாலேயே ஊர் நடுவில் விற்றவர் என்று சொன்னேன். அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. நீங்கள் எழுதியது புத்தகத்தில். நான் சொன்னது அவர் நடந்த திடலில். அவர் வீட்டு வாசற்கல் இன்னும் இருக்கிறது. அந்த வழியாகப் போவதை நிறுத்திவிட்டேன்.

ஊரில் வாசிக்கவில்லை. எப்படி வாசிப்பது? சாப்பிட்ட பன்றியை யாரால் திருப்பித் தர முடியும்? ஐசக்கின் அழுகையை என்ன செய்வது? ஜோஸ்லினிடம்கூடச் சொல்லவில்லை. இருபது வருடத்தில் அவளிடம் நான் மறைத்தது இது ஒன்றுதான். அதையும் நீங்கள்தான் கொடுத்தீர்கள்.

இனி எழுத வேண்டாம்.

ஹாரிசன் மொல்லாகே


மக்காய்
22 பிப்ரவரி 1994

ஹாரிசன்,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்று மட்டும்.

படக்குழு மே மாதம் வருகிறது. உங்கள் பெரியவர்கள் கொடுத்த வார்த்தையை நம்பிப் படகெல்லாம் பேசியாகிவிட்டது. தாரி இலையை எடுப்பதை ஊரார் கேமராவுக்கு முன்னால்தான் முதல்முறையாகப் பார்ப்பார்கள் என்றால், அது இன்னொரு அநியாயம். அதற்கு முன் உன் வாயால் கேட்கட்டும். எனக்காகச் சொல்லவில்லை. மொல்லாகேக்காக.

நான் படக்குழுவோடு வரவில்லை. வரும் தைரியம் இல்லை. முழங்கால் என்று மார்க்கஸிடம் சொல்லியிருக்கிறேன்.

எனிட்


லோல்தவா
5 ஜூன் 1994

எனிட் அக்கா,

படக்குழு வருவதற்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்து யாரும் எழுவதற்குள் உங்கள் நவம்பர் கடிதத்தை வாசித்தேன். முழுவதையும். 'நான் கேட்டுத் தலையாட்டினேன்' என்ற இடத்தையும் விடவில்லை.

முடித்ததும் ஐசக் எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் காலை எங்கள் வாசலில் ஒரு பன்றி கட்டியிருந்தது. கொம்பு இன்னும் சரியாக வளையாத சின்னப் பன்றி. அவரிடம் இருப்பது அதுதான். ஜோஸ்லின் என்னிடம் பேசவில்லை. நான்கு மாதம் அவளிடம் மறைத்ததற்காக. நேராக மொல்லாகேயின் வாசற்கல்லுக்குப் போய், அதன்மேல் வளர்ந்திருந்த புல்லைப் பிடுங்கினாள். பிறகு திரும்பி, "வந்து உதவுறீங்களா, இல்ல அங்கயே நின்னு ஜெபம் பண்ணப் போறீங்களா?" என்றாள். போனேன். அன்று சாயங்காலம் பெரியவர்கள் என்னைக் கூப்பிட்டு இலை கட்டும் உரிமையைத் திரும்பக் கையில் கொடுத்தார்கள்.

இனி படத்தின் கதை. மார்க்கஸ் கொண்டுவந்த இலை பிளாஸ்டிக். அதுவும் நமெலே இல்லை, ஏதோ ஹோட்டல் வாசலில் வைக்கிற பனை. அதைப் பார்த்துக் கிழவிகள் சிரித்ததில் ஒருத்திக்குப் புரை ஏறிவிட்டது. மார்க்கஸ் என்னிடம் வந்து உண்மையான இலையைக் கட்டித் தர முடியுமா என்று கேட்டான். கட்டினேன். எனக்கு நடிக்கத் தெரியாது அக்கா. கட்டும்போது சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொல்லித்தான் கட்டத் தெரியும். சொல்லிக் கட்டிவிட்டேன்.

கேமரா தயார். தாரியாக நடிப்பவர் தண்ணீரில் இறங்க வேண்டும். ஃபிஜிக்காரர், நல்ல மனிதர். ஐசக்கிடம், "இது நிஜமாவே கட்டுனதா?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றதும் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "எங்க ஊர்லயும் இந்த மாதிரி உண்டு. நான் தொட மாட்டேன்" என்றார். மார்க்கஸ் ஊர்ப் பையன்களைக் கேட்டான். ஒருவரும் அசையவில்லை. கடைசியில் ஐசக்கைக் கேட்டான். பாறையில் யார் சொன்னாலும் கேட்காமல் இறங்குகிறவர் இவர்தான் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஐசக் என்னைப் பார்த்தார். "மச்சான் கட்டுன இலை. நான் எப்படித் தாண்டுறது?" என்றார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப யார்தான் எடுக்க முடியும்?" என்று மார்க்கஸ் கத்தினான். நானே எடுக்கலாமே என்றார்கள் சிலர். கூடாது. மொல்லாகே எடுக்கவில்லை. மொல்லாகே பெயரைச் சுமக்கிறவனும் எடுக்க மாட்டான், படத்துக்காகக்கூட.

பெரியவர்கள் நகமாலில் உட்கார்ந்து காவா வேர்ச்சாறு குடித்துக்கொண்டே பேசினார்கள். தாரியின் உரிமை அவன் அம்மா வழியில் வந்தது, மகன் வழிப் பேத்திக்கு அது போகாது என்று ஒருவர் முறை பேசினார். மற்றவர்கள் அவரைப் பேசவிட்டு, பிறகு முடிவு சொன்னார்கள். எடுத்தவன் வீட்டு ஆள் வந்து எடுக்கட்டும். நான் உங்கள் பெயரைச் சொன்னேன்.

நான் உங்களை மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மன்னிக்கப் பார்க்கிறேன், சில நாள் முடிகிறது, சில நாள் முடியவில்லை. இது அதற்காக இல்லை.

இலை எடுக்கிறவர் கரையைப் பார்த்து நின்று, யார் சார்பில் எடுக்கிறேன் என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். தாரியின் பெயரைச் சொல்லுங்கள். கரையில் ஜோஸ்லினும் ஐசக்கும் போனவர்களின் வீட்டார் எல்லோரும் நிற்பார்கள். அவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. மார்க்கஸ் அதைப் படம் பிடிப்பதும் பிடிக்காததும் அவன் பாடு. முழங்காலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், தண்ணீர் அங்கே இடுப்பளவுதான், ஐசக் கையைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்கிறார்.

அதுவரை பாறை மூடியிருக்கிறது. ஒரு ஆள் மீனுக்கு இறங்கவில்லை. ஊர் முழுக்க டின் மீன்தான் சாப்பிடுகிறோம். சீக்கிரம் வாருங்கள்.

தம்பி,
ஹாரிசன்